முற்கூட்டித் தேறியவர்

கொழும்புக் கோட்டையில் இருந்த சாக்குப் பரிசோதனைக் கந்தோர் என்னும் அரசாங்க அலுவலகத்தின் மூன்றாந்தரக் கிளாக்கரும் வெள்ளவத்தை வாசியுமான திருவாளர் கதிர்காமநாதன் அவர்களின் குடல், மேலிடத்து அனுமதி எதுவும் பெறாமல், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டுக் கீழே இறங்கியது. பிரித்தானிய ஆட்சியில், அதுவும் அலுவல் நேரத்தில், இப்படி ஒன்று நடக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. பக்கத்து மேசையில் நான்தான் இருந்தேன்.

மனிதர் ஒரு கட்டுச் சாக்கைத் தூக்கினார். "ஐயோ" என்றார். அடிவயிற்றின் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் அவர் ரயிலில் ஏறும்போது ஒரு கை குடைக்கும் மற்றக் கை குடலுக்கும் என்று ஆகிவிட்டது.

மனைவி சிவமணி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் சிவானந்தன் எடின்பரோவில் படித்தவர். ஆனால் நோயாளியைப் பயமுறுத்துவதற்கு யாழ்ப்பாணத் தமிழைத்தான் பயன்படுத்துவார்.

"இது ஹேர்னியா. இப்ப தள்ளினா உள்ளுக்குப் போகுது. ஒரு நாளைக்குப் போகாமல் சிக்குப்பட்டுதெண்டால் குடல் அழுகிப்போம். ஆள் தப்பாது. வெட்டித்தான் தைக்க வேணும்."

"தைச்சாப் பிறகு, டொக்டர்?"

"மூண்டு கிழமை படுக்கை. இருபத்தொரு நாளும் பாரம் தூக்கக் கூடாது. ஒக்டோபர் முதல் வெள்ளிக்கிழமைதான் எனக்கு நேரம் இருக்கு. அதுவரைக்கும் கவனமா இரும்."

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கதிர்காமநாதன் ஒரு சாதாரண மனிதராக இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும். அவர் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தபடியால் மறுநாள் பெரிய கிளாக்கர் நாகேந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

நாகேந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரத் துரைமார் வருவார்கள், போவார்கள். கந்தோரை நடத்தியவர் அவர்தான். லீவு விதிகள் அவருக்குத் தேவாரம் போலப் பாடம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் லீவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவர் உதவி செய்தார்.

"ஒக்டோபரில உமக்கு லீவு தரேலாது, காணும். சாக்கு எண்ணுற மாதம். மரணம் எண்டால் தரலாம். அதுவும் சொந்த மரணம்."

"அப்ப நான் என்ன செய்யிறது, ஐயா?"

"பொறும். இந்த வருஷத்து லீவு உமக்கு மூண்டு கிழமை மிச்சம் கிடக்கு. செப்டெம்பர் முடிய அது செத்துப்போம். வெட்டுறது எப்ப?"

"ஒக்டோபர் முதல் வெள்ளி."

நாகேந்திரம் கண்ணை மூடினார். விதிகள் அவருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதை நாங்கள் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

"சத்திரசிகிச்சை சம்பந்தமாய்த் தேறுறதுக்கு மூண்டு கிழமை எடுக்கலாம் எண்டு விதியிலை கிடக்கு. அதுக்குப் பிறகுதான் தேற வேணுமெண்டு எங்கையும் கிடையாது. நீர் செப்டெம்பரில தேறும். ஒக்டோபரில வெள்ளிக்கிழமை வெட்டட்டும். திங்கட்கிழமை கந்தோருக்கு வாரும்."

"வெட்ட முதல் எப்பிடி ஐயா தேறுறது?"

"ஏன், சம்பளத்தில அட்வான்ஸ் எடுக்கிறேல்லையே? அதுபோலத்தான்."

நாங்கள் பேனாவை மறுபடி எடுத்தோம். துரையிடம் காகிதம் போனது. "மிகச் சிக்கனமான ஏற்பாடு" என்று அவர் பச்சை மையால் எழுதி அனுப்பினார். செப்டெம்பர் பிறந்ததும் கதிர்காமநாதன் முற்கூட்டித் தேறுவதற்காக வெள்ளவத்தை வீட்டில் படுத்துக்கொண்டார்.

சிவமணிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, ஒண்டும் நடக்காமல் என்னத்திலயிருந்து தேறப்போறியள்?" என்று கேட்டாள். "அது கந்தோர் விஷயம், உமக்கு விளங்காது" என்று அவர் சொல்லிவிட்டார். உத்தியோகத்தரை மணந்த பெண்களுக்கு இந்த மறுமொழி பழக்கமானது.

முதற்கிழமை முடிவில் நாகேந்திரம் பரிசோதனைக்கு வந்தார். துணைக்கு என்னையும் கூட்டிவந்தார். வந்து பார்த்தால், தேறவேண்டியவர் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பெரிய கிளாக்கருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன காணும் இது? அரசாங்கம் உமக்குத் தேறச் சொல்லிச் சம்பளம் தருது. நீர் சும்மா இருக்கிறீர். டொனிக் எங்கை? லேகியம் எங்கை? ஒப்பரேஷன் முடிஞ்ச மனுஷன் மாதிரியோ இருக்கிறீர் நீர்?"

"ஒப்பரேஷன் முடியேல்லையே ஐயா."

"அது வைத்தியருடைய பகுதி. எங்கட பகுதி தேறுறது. எங்கட பகுதியில குறை இருக்கக் கூடாது."

அன்று பின்னேரமே கதிர்காமநாதன் கொட்டாஞ்சேனைக்கு ஆள் அனுப்பினார். அங்கே மர்ஸூக் என்பவர் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்தார். நீண்ட காலமாக அவர் உள்ளிப்பூண்டும் இஞ்சியும் வேர்க்கொம்பும் அமுக்கிராவும் கடதாசியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, காற்சட்டை போட்ட ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. அதே உள்ளியையும் அதே இஞ்சியையும் தேனில் காய்ச்சிப் போத்தலில் விட்டார். மேலே ஒரு மீசைக்காரப் பயில்வான் படத்தை ஒட்டினார். படத்துக்குக் கீழே 'மர்ஸூக் வைட்டல் டொனிக்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தார். அவ்வளவுதான்! பணக்காரர் குடியிருக்கும் கறுவாத்தோட்டத்திலிருந்து கார்கள் வரத் தொடங்கின. அந்த வருஷம் கொழும்பில் டையும் கோட்டும் போட்டுக்கொண்டு 'எங்கட பழைய மூலிகை' என்று ஆங்கிலத்தில் பேசுவதுதான் நாகரிகம். டொனிக் குடிக்காதவன் தேசத்துக்குத் துரோகி. குடித்தவன் வைத்தியரிடம் சொன்னால் பட்டிக்காட்டான்.

மர்ஸூக் தானே நேரில் வந்தார். பெரிய மனுஷர் வீட்டுக்கு அவர் நேரில் போவது வழக்கம். கதிர்காமநாதனுக்கு அது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

"ஐயா, இத காலையில ஒரு கோப்பை, ராவைக்கு ஒரு கோப்பை. ரத்தம் அப்பிடியே ஊறும். ஒரு தீங்கும் வராது, எல்லாம் பச்ச மூலிகைதான்."

"ஒப்பரேஷனுக்கு முதல் குடிக்கலாமோ?"

"இப்ப நீங்க தேறுறீங்களா, இல்லையா?"

"ஓம், தேறுறன்."

"அப்ப குடிங்க. இது தேறுற மருந்து தானே!"

அதற்குப் பிறகு வருத்தம், அதாவது நோய், பார்க்க வருபவர்களின் கூட்டம் தொடங்கியது. நம்மவர்கள் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாமல் வர மாட்டார்கள். வருத்தத்துக்கு அழைப்பே வேண்டாம். தெமட்டகொடையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தமையன் உள்ளி லேகியம் கொண்டுவந்தார். தபால் கந்தோர்க் குடும்பம் ஒன்று இஞ்சிச் சாற்றோடு வந்தது. ஒருவர் ஏதோ வேரை அரைத்து உருண்டையாக உருட்டி, அது என்ன வேர் என்று சொல்ல மறுத்து, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒப்பரேஷன் எப்பிடி நடந்தது?" இன்னும் நடக்கவில்லை என்று அவர் சொன்னால் அவர்களுடைய முகம் வாடியது. லேகியமும் சாறும் சுமந்து வந்தவர்களை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாவது கிழமையில் அவர் சத்திரசிகிச்சையை விபரமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். மயக்கமருந்தின் வாசனையைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கும்.

மூன்றாவது கிழமையில் ஒரு காலை, சவரம் செய்யும்போது கன்னத்தில் கத்தி கொஞ்சம் பட்டுவிட்டது. சின்னக் கீறல். இரத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பொடி வைத்தார்கள், துணி வைத்தார்கள், சிவமணி படிகாரக் கட்டியை வைத்து அழுத்தினாள். காலைச் சாப்பாடு முடிந்த பிறகும் அது கசிந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு. இது நல்லதுக்கில்லை. டொக்டரிட்டைச் சொல்லுவம்" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துப் புதுப் போத்தலோடு மர்ஸூக் வந்தார். கன்னத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! பாத்தீங்களா தங்கச்சி? உள்ள கொள்ள எடமில்லாமப் பொங்கி வருது. இவ்வளவு ரத்தம் ஊறின ஆள நான் கொழும்புலயே கண்டதில்ல!"

வீட்டில் இருந்த எல்லோருக்கும் நிம்மதி வந்தது. தமையன் அந்தக் கீறலைத் தன் பிள்ளைகளுக்குக் கூட்டிவந்து காட்டினார். நாகேந்திரம் கேள்விப்பட்டு, "தேறுதல் எதிர்பார்த்ததிலும் திருப்திகரம்" என்று குறித்துக்கொண்டார். ஒரு மனிதனின் இரத்தம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து இத்தனை படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். அன்றைக்கு நானும் மகிழ்ந்தேன். எனக்குச் சிற்றுண்டி கொடுத்தார்கள்.

ஒக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை கதிர்காமநாதன், பூரணமாகத் தேறிய நிலையில், ஆஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் சிவானந்தன் அவரைக் கட்டிலில் இருத்தி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒப்பரேஷனுக்கு முதல் ஏதும் மருந்து குடிச்சனீரோ?"

"இல்லை, டொக்டர். ஒரு துளியும் இல்லை."

டொக்டர் அவருடைய காதுமடலில் ஊசியால் மெல்லக் குத்தி, வடிந்த இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றினார். மறுபடி ஒற்றினார். தாள் முடிந்தது, வேறு தாள் எடுத்தார். சாதாரண மனிதருக்கு இரண்டு மூன்று ஒற்றில் நிற்கவேண்டியது, இவருக்கு நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற வார்டுச் சிப்பந்தி சிங்களத்தில், "அனே மஹத்தயா, லே நவதின்னே நே!" என்று இரத்தம் நிற்காததைக் கண்டு கத்தினான்.

"உண்மையைச் சொல்லும் காணும், என்ன குடிச்சீர்?" என்றார் டொக்டர்.

"ஒப்பரேஷனுக்கு முதல் ஒண்டும் குடிக்கேல்லை, டொக்டர். குடிச்சதெல்லாம் ஒப்பரேஷனுக்குப் பிறகு குடிக்கிற மருந்துதான்."

டொக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "பிறகு குடிக்கிறதை எப்ப குடிச்சனீர்?"

"செப்டெம்பரில. முறைப்படி லீவு எடுத்துத்தான் குடிச்சனான்."

அரசாங்கத்தின் ஏற்பாடு முழுவதையும், டொனிக், லேகியம், பெயர் தெரியாத உருண்டை வரை, கதிர்காமநாதன் விளக்கிச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை டொக்டர் ஒற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சிவமணியை உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை, நல்லாக் கேளும். உள்ளியும் இஞ்சியும் சோத்தோட அளவாத் திண்டால் ஒண்டுமில்லை. இப்பிடிப் போத்தல் போத்தலாய்க் குடிச்சால் சில பேருக்கு இரத்தம் உறையாது. புத்தகத்தில இன்னும் வடிவா எழுதேல்லை. நான் மேசையில கண்டிருக்கிறன். அந்தப் பேர் தெரியாத உருண்டை மயக்க மருந்தோட சேர்ந்து என்ன செய்யுமெண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். இண்டைக்கு இவரை வெட்டினால், நான் தைச்சு முடிக்கிறதுக்குள்ளை ஆள் முடிஞ்சுபோம். எல்லாத்தையும் நிப்பாட்டும். ரண்டு மூண்டு கிழமையால கூட்டிக்கொண்டு வாரும்."

சிவமணி வீட்டுக்குப் போய்ப் போத்தல்களை எல்லாம் வாழையடியில் கவிழ்த்தாள். பிறகு வாசற் படலையடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். லேகியத்தோடு வந்தவர்கள் லேகியத்தோடு திரும்பினார்கள். மர்ஸூக் வந்தபோது, "அண்ணை, இனி ஒரு போத்தல் உள்ளுக்கு வந்தால் நான் பொலிசுக்குப் போவன்" என்றாள். அவர் குழம்பிப்போனார். "ஏன் தங்கச்சி, பயில்வான் படம் புடிக்கல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் கந்தோருக்குப் படலை இல்லை. திங்கட்கிழமை கதிர்காமநாதன் நாகேந்திரத்தின் முன்னால் நின்று, இன்னும் தன்னை வெட்டவில்லை என்று பணிவாகத் தெரிவித்தார்.

"அதெப்பிடி? நீர் தேறிட்டீர். துரைக்கு எழுதியாச்சு. தேறின ஆளை வெட்டேலாது" என்றார் பெரிய கிளாக்கர்.

"ஐயா, டொக்டர் வெட்டேல்லை எண்டு கடிதம் தாறதெண்டவர்."

"தந்தால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ? ஒப்பரேஷன் இல்லாமல் ஒருவர் தேறினால் அது களவு. உமக்கு வேலை போம். உமக்கு உதவி செய்த எனக்கும் போம். பேசாமல் போய்ச் சாக்கை எண்ணும்."

"பாரம் தூக்கக் கூடாதெண்டு..."

"தேறினவர் தூக்கலாம்."

எண்ணினார். பாவம், எண்ணினார். நாங்கள் முடிந்தவரை அவருடைய கட்டுகளையும் தூக்கினோம். ஆனால் நாகேந்திரம் இருந்து இருந்து எட்டிப் பார்த்தார். தேறியவர் தேறியவராகத் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. ஒக்டோபர் கடைசியில் ஒரு மதியம், கதிர்காமநாதன் ஒரு கட்டோடு நிமிர்ந்தவர், நிமிர்ந்தபடியே விழுந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. குடல் சிக்குப்பட்டுவிட்டது. "சிவமணிக்குச் சொல்லு... சிவமணிக்குச் சொல்லு" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. அவரைக் காரில் ஏற்றும்போது நாகேந்திரமும் கால்மாட்டைப் பிடித்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 

டொக்டர் சிவானந்தன் நேரே மேசைக்குக் கொண்டுபோனார். வெட்டினார். குடல் இன்னும் அழுகவில்லை. உள்ளே வைத்துத் தைத்தார். இரத்தம் மரியாதையாக உறைந்தது. வெளியே வந்து சிவமணியிடம், "இவர் பிழைச்சது என்ர கத்தியால பாதி, உம்மட படலையால பாதி" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நாகேந்திரமும் நானும் வார்டுக்குப் போனோம். நாகேந்திரம் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். நோயாளியைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"இப்ப ஒரு சின்னச் சிக்கல். உமக்கு இனி மூண்டு கிழமை படுக்கை. ஆனால் இந்த ஒப்பரேஷனுக்கு நீர் ஏற்கெனவே தேறிட்டீர். ஒரு வெட்டுக்கு ரண்டு தரம் தேறேலாது."

"அப்ப அவரை இந்தக் காயத்தோடை சாக்குத் தூக்கச் சொல்லுறியளோ?" என்று சிவமணி எழுந்தாள்.

"பொறும் தங்கச்சி. வழி இருக்கு. இந்த மூண்டு கிழமையையும் அடுத்த ஒப்பரேஷனுக்கு அட்வான்ஸாய்ப் போடுவம். அடுத்த செப்டெம்பர் முடிய முதல் இவர் ஒண்டைச் செய்தாச் சரி."

"அடுத்த ஒப்பரேஷனோ? எதுக்கு?"

"அதை நீங்கள்தான் யோசிச்சுச் சொல்ல வேணும்."

பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்து முடித்த டொக்டர் சிவானந்தன் இதைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் சிரிப்பார், அல்லது எங்களைத் துரத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு நாகேந்திரத்தின் பக்கம் குனிந்தார்.

"ஏன் நாகேந்திரம், இந்த ஏற்பாடு மெடிக்கல் டிப்பார்ட்மென்டுக்கும் செல்லுமோ? எனக்கும் கொஞ்ச லீவு செத்துப்போகக் கிடக்கு."

"செல்லும் டொக்டர். ஏன் செல்லாது?"

சிவமணி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அந்த வீட்டில் புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குடல்வால் எண்டால் பெரிசா நோகாதாமே, டொக்டர்?" என்று கேட்டாள்.

அடுத்த செப்டெம்பரில் கதிர்காமநாதனின் குடல்வால் எடுக்கப்பட்டது. இவ்வளவு ஆரோக்கியமான குடல்வாலைத் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை என்று டொக்டர் சொன்னார். லீவுக் கணக்குச் சரியாகப் பொருந்தியது. துரை பச்சை மையால் பாராட்டினார்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. இப்போது கோட்டையில் உள்ள கந்தோர்கள் எல்லாவற்றிலும் இதே முறைதான். முதலில் தேறுவது, பிறகு கணக்கைச் சரிக்கட்ட உடம்பில் ஏதாவது ஒன்றைக் கொடுப்பது. எங்கள் கந்தோரில் குடல்வால் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் போன மாதம் நுவரெலியாவில் மூன்று கிழமை தேறிவிட்டு வந்தேன். நல்ல குளிர், நல்ல பசி, நல்ல நித்திரை. வருகிற வெள்ளிக்கிழமை என்னை வெட்டுகிறார்கள். உள்ளி, இஞ்சி, டொனிக் எல்லாவற்றையும் இப்போதே நிறுத்திவிட்டேன். உடம்பு விஷயத்தில் மனிதன் கவனமாக இருக்க வேண்டும் அல்லவா? எதை வெட்டுவது என்றுதான் பெரிய கிளாக்கர் இன்னும் சொல்லவில்லை.